வழிமொழியும் ட்ருடி

கோர்மன் நகர்மன்றத்தில் யார் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாலும் அதை வழிமொழிகிற ஆள் ட்ருடி ஹால்வர்சன்தான். இது ஊரறிந்த விஷயம். தீர்மானம் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. எத்தனையோ தடவை வழிமொழிந்துவிட்டு, அதையே எதிர்த்துத் தொண்டை வறளப் பேசி, கடைசியில் எதிராக வாக்கும் போட்டிருக்கிறாள். "அப்புறம் எதுக்கும்மா வழிமொழிஞ்சே?" என்று யாராவது கேட்டால், "ஒரு மனுஷன் வாயத் தெறந்து ஒண்ணு கேக்கறான். அதப் பத்திப் பேசக்கூட மாட்டோம்னா எப்படி?" என்பாள்.

மன்றத்து விதி அப்படி. ஒருவர் முன்மொழிந்ததை இன்னொருவர் வழிமொழிந்தால்தான் அது விவாதத்துக்கே வரும். வழிமொழிய ஆளில்லை என்றால் தீர்மானம் அங்கேயே செத்தது. அதனால் மரியாதைக்காக வழிமொழிவது என்று ஒரு வழக்கம் ஒரேகன் மாநிலத்துச் சின்ன ஊர்களில் எல்லாம் உண்டு. ஆனால் மற்ற ஊர்களில் அந்த மரியாதையை ஆளுக்கு ஒரு தடவையாகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் மொத்தக் குத்தகையும் ட்ருடிக்குத்தான்.

அவள் கவுன்சிலரான முதல் வருஷம், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாலையைக் கடக்க ஒரு மஞ்சள் விளக்கு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். பள்ளி பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள், எங்கே நிற்பார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். முன்மொழிந்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. ஒருவர் பேனாவைத் திருகினார், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "வழிமொழிய ஆளில்லாததால் கைவிடப்படுகிறது" என்று அன்றைய மேயர் சொல்லி முடித்ததும், நடுச்சந்தையில் யாரோ பாவாடையை உருவிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. இனி யாருக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தாள்.

இது அவள் சொல்கிற காரணம். என்னைக் கேட்டால், மரியாதையெல்லாம் பிறகு. அவளால் சும்மா இருக்க முடியாது, அதுதான் காரணம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். விடியும் முன் பஸ் எடுத்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் நேரே சோபாவை நகர்த்தி அடியில் கூட்டுவாள். மறுவாரம் அதே சோபாவைப் பழைய இடத்துக்கே நகர்த்துவாள். சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவே தண்ணீர் குடிக்க நிறுத்தினால் இவள் "ஆமென்" என்பாள். அவள் புருஷன் ஆர்லன், பாவம், நிம்மதியாக உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டும் என்று பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குப் போனவன். திரும்பி வரவே இல்லை.

இப்படிப்பட்டவளை ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ட்ருடிக்கு ஒரே மகள், ஷெல்பி. கல்யாணம் முறிந்து, ஜனவரி மழையில் ஒரு பழைய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டிவீடு. அந்தக் கல்யாணத்திலிருந்து அவள் கையோடு கொண்டுவந்தது அது ஒன்றுதான். வீட்டுக்குள் ஓர் அறை காலியாக இருக்கத்தான் செய்தது. ஆனால் ஷெல்பிக்குப் பக்கத்து ஊர் காய்கறியை வெட்டி உறையவைக்கிற ஆலையில் ராத்திரி ஷிப்டு கிடைத்தது. பகலில் தூங்கியாக வேண்டும். ட்ருடி இருக்கிற வீட்டில் பகலில் ஒரு பூனைகூடத் தூங்கியதில்லை. இரண்டாம் நாள் காலை மகள் கட்டிலுக்கு அடியிலேயே வேக்குவம் கிளீனர் ஓடியபோது, ஷெல்பி தலையணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நிறுத்த இடமில்லாமல் தெருவில் நின்ற ட்ரெய்லருக்குப் போய்விட்டாள். அதோடு குடித்தனம் அங்கேயே ஆகிவிட்டது.

வேறு வீடு பார்க்கலாம் என்றால் கோர்மனில் ஏது வீடு? வாடகைப் பலகை மாட்டும் முன்னாலேயே யாராவது எடுத்துவிடுகிறார்கள். ஊருக்கு மேற்கேயும் வடக்கேயும் ஆறு. கிழக்கே மலை. தெற்கே விவசாயி ஷுல்ட்ஸின் ஹேசல்நட் கொட்டைத் தோட்டம் வரைக்கும்தான் ஊர் வளரலாம் என்று யாரோ எப்போதோ வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் தெருவிளக்கு, அந்தப் பக்கம் இருட்டு.

யார் கேட்டாலும் ட்ருடி, "ஷெல்பி ரெண்டு நாளைக்கு வந்திருக்கா" என்பாள். ஜனவரியில் சொன்னாள். மார்ச்சில் சொன்னாள். ஜூன் பிறந்து ஸ்ட்ராபெர்ரி பழுத்த பிறகும் அதையேதான் சொன்னாள். கல்யாணம் போய், வீடு போய், தெருவோரத்தில் குடியிருக்கிறோம் என்பது ஊருக்குத் தெரிந்தால் ஷெல்பி கூசிப்போவாள் என்று அவளுக்குப் பயம். மகள் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரும் கண்டும் காணாமல் தலையாட்டிக்கொண்டிருந்தது.

தலையாட்டாத ஒரே ஆள் வெர்ல் புரூயிட். காப்பீட்டு ஏஜெண்டாக இருந்து ஓய்வு பெற்ற கவுன்சிலர். தெருவில் நிற்கிற ட்ரெய்லர்களைக் கண்டால் அவருக்குப் பல்லில் மணல் அகப்பட்ட மாதிரி. வருஷத்துக்குப் பதினாலு ராத்திரிக்கு மேல் எந்த ட்ரெய்லரும் தெருவில் நிற்கக்கூடாது, அதற்கும் பர்மிட் வேண்டும், மீறினால் இழுத்துக்கொண்டு போகலாம் என்று தீர்மானம் கொண்டுவரப் போவதாகக் காபிக் கடையில் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு முன்னால் மன்றத்து வாசற்படியில் மேயர் க்ளெண்டா ட்ருடியைப் பிடித்து நிறுத்தினாள். க்ளெண்டாவுக்கு மெயின் தெருவில் அழகு நிலையம். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"இன்னிக்கு ஒரு நாள், ட்ருடி. ஒரே ஒரு நாள். வாய மூடிக்கிட்டு உக்காரு."

"நான் என்ன கொழந்தையா?"

"கொழந்தைன்னா தேவலையே. கையில ஒரு பிஸ்கட்டக் குடுத்து உக்கார வெச்சிடலாம். வெர்ல் அந்த ட்ரெய்லர் விஷயத்த எடுக்கப் போறாரு. அவரு எதக் கொண்டுவந்தாலும் உன்ன விட்டா வேற எவனும் வழிமொழிய மாட்டான். நீ சும்மா இருந்தாலே போதும், செத்துப்போயிடும்."

"எனக்கு என்ன அதுல? ஷெல்பி ரெண்டு நாளைக்குத்தானே வந்திருக்கா."

க்ளெண்டா அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "சரிம்மா. ரெண்டு நாள்தான். ஆனா வாய மூடிக்க."

ட்ருடி கைப்பையைத் திறந்து பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வாயில் ஏதாவது இருந்தால் பேச்சு வராது என்பது அவள் கணக்கு.  ஷெல்பிக்கு அந்தத் தெருவோரத்தை விட்டால் போக இடமில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கூட்டம் வழக்கம்போல ஆரம்பித்தது. தீர்மானங்களில் யாருக்காவது சொந்த லாப நஷ்டம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று க்ளெண்டா கேட்டாள். இருக்கிறது என்று சொன்னவர் அந்த விஷயத்தில் பேசக்கூடாது, முன்மொழியக்கூடாது, வழிமொழியக்கூடாது, வாக்கும் போடக்கூடாது. மேஜையை விட்டு எழுந்துபோய்ப் பொதுஜனங்களோடு உட்கார்ந்துவிட வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ட்ருடி மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினாள்.

முதலில் எல்லைக்கோடு. போர்ட்லண்டிலிருந்து வந்த நகரத் திட்டக்காரர் சுவரில் வரைபடத்தை ஒட்டி, ஊரின் தெற்கு எல்லையை ஷுல்ட்ஸ் தோட்டத்தைத் தாண்டித் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார். பேச வந்தவர்கள் வாசல் வரைக்கும் வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். சமையலறை டைமர் டிக் டிக் என்று ஓடியது. புதிதாகக் குடிவந்த ஒரு பெண்மணி, அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கவே இந்த ஊருக்கு வந்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஷுல்ட்ஸே எழுந்தார். "மரம் மரம்னு உருகறவங்கள ஒரே ஒரு அக்டோபர் மாசம் என் தோட்டத்துக்கு அனுப்பி வையுங்க. குனிஞ்சு கொட்ட பொறுக்கட்டும். எனக்கு முட்டி போயாச்சு. பசங்க யாரும் வர மாட்டேன்னுட்டானுங்க. நான் விக்கப் போறேன். கோட்ட எங்க போடறீங்கன்னு சீக்கிரம் சொல்லுங்க."

ட்ருடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால்மேல் கால் போட்டாள், எடுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள். கடைசியில் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டேவிட்டாள்: "சார், இன்னிக்கே நாங்க கோட்டத் தள்ளி வெச்சா, அங்க வீடு எப்ப வரும்?"

திட்டக்காரர் புன்னகைத்தார். முதலில் ஆய்வு, பிறகு மாநில அனுமதி, அதற்குப் பிறகு சாக்கடை, தண்ணீர், சாலை. "எல்லாம் நல்லபடியா நடந்தா எட்டு வருஷம். பத்துன்னு வெச்சுக்கங்களேன்."

"பத்தா?"

"நல்லபடியா நடந்தா."

பத்து வருஷத்தில் ஷெல்பிக்கு நரைத்துவிடும். ட்ருடி மிட்டாயைக் கடித்தாள். பாதி நொறுங்கியது. எல்லைக்கோட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். "வழிமொழியிறேன்" என்றாள் ட்ருடி. க்ளெண்டா முறைத்தாள். இது வேற, என்று ட்ருடி கண்ணாலேயே பதில் சொன்னாள்.

அடுத்தது பேனர். மெயின் தெருவுக்குக் குறுக்கே கம்பி ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒரு பேனர்தான் கட்டலாம். ஸ்ட்ராபெர்ரி விழாக்காரர்களும், மாநிலப் போட்டியில் ஜெயித்துவந்த பள்ளி மல்யுத்தக் குழுவும் ஒரே வாரத்தைக் கேட்டிருந்தார்கள். இதற்கு எல்லைக்கோட்டைவிட அதிக நேரம் பிடித்தது. ஊர் வளர்வதைப் பற்றிப் பலருக்கு அபிப்பிராயமே கிடையாது. பேனரைப் பற்றி இல்லாத ஆளே கிடையாது.

தீவனக் கடை டுவேன், அவரும் ஒரு கவுன்சிலர், எழுந்து சொன்னார்: "யாரு பேனரா வேணா இருக்கட்டும். காத்துப் போக ஓட்ட போட்டாங்களான்னு மொதல்ல பாருங்க. போன வருஷம் விழாக்காரங்க பேனரு காத்துல உப்பி, என் கடை முன்னாடி இருந்த விளக்குக் கம்பத்தையே சாச்சுட்டுது."

"ஓட்ட போட்டா எழுத்துப் போயிடுதே, டுவேன். 'பெர்ரி' போயி 'ரி' மட்டும் நிக்குது" என்றாள் விழாக் குழுத் தலைவி.

"கம்பம் போறதுக்கு எழுத்துப் போறது தேவலம்மா."

விழாவுக்கு முதல் பாதி வாரம், மல்யுத்தத்துக்கு மறு பாதி, இரண்டு பேனரிலும் கட்டாயம் ஓட்டை என்று கடைசியில் டுவேன் முன்மொழிந்தார். "வழிமொழியிறேன்" என்றாள் ட்ருடி. ஒருமனதாக நிறைவேறியது. சிரிப்பும் கைதட்டலுமாகப் பாதிக் கூட்டம் எழுந்து வெளியே போனது. ட்ருடிக்கும் மனசு சற்று லேசானது. மிச்ச மிட்டாயையும் கடித்து விழுங்கிவிட்டாள்.

கடைசியில் பார்க்கிங் பர்மிட். நூலகத் தெருவாசிகளுக்கு அட்டை கொடுப்பதை அவசரமாக முடித்தார்கள். "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்டாள் க்ளெண்டா, இல்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறவள் கேட்பது போல.

வெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுதிவைத்திருந்ததை நிதானமாக வாசித்தார். வருஷத்துக்குப் பதினாலு ராத்திரி. பர்மிட். மீறினால் இழுவை வண்டி. "இத நான் முன்மொழியிறேன்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

அமைதி.

ட்ருடி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையில் காபிக் கோப்பை வைத்த வட்டக் கறை ஒன்று இருந்தது. மேலே குழல்விளக்கு ரீங்காரமிட்டது. குறிப்பெடுக்கிற பெண் விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள். டுவேன் தொண்டையைச் செருமினார், ஆனால் பேசவில்லை. க்ளெண்டா வேண்டுமென்றே தாளைப் புரட்டினாள். வெர்லின் காது மடல் மெல்லச் சிவந்துகொண்டே வந்தது. பாவம் மனுஷன், எத்தனை நாளாக எழுதினாரோ. ஒருத்தர் ஏதாவது சொல்லித் தொலையக்கூடாதா? ஒரே ஒரு வார்த்தைதானே?

"வழிமொழியிறேன்" என்று ஒரு குரல் கேட்டது.

எந்த மடச்சி இது என்று ட்ருடி நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

க்ளெண்டா கண்ணை மூடிக்கொண்டாள். குறிப்பெடுக்கிற பெண்ணின் விரல்கள் ஓடத் தொடங்கின. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தோம்.

"விவாதம்" என்றாள் க்ளெண்டா, குரலில் உயிரே இல்லாமல்.

வழிமொழிய ஆளில்லாமல் செத்திருந்தால் அதைப் பற்றி யாருமே யோசித்திருக்க மாட்டார்கள். மேஜைமேல் வந்துவிட்டதால் எல்லோருக்கும் யோசனை வந்துவிட்டது. பனி அள்ளுகிற வண்டி போக இடமில்லை என்றார் ஒருவர். இன்று ஒரு ட்ரெய்லர் என்றால் நாளைக்கு ஒன்பது வரும் என்றார் இன்னொருவர். டுவேன்கூட, "வெர்ல் சொல்றதுல ஒரு ஞாயம் இருக்கத்தான் செய்யுது. ஒரு கணக்கு வேணுமில்லையா?" என்றார். சொல்லிவிட்டு ட்ருடி பக்கம் திரும்பாமல் பேனாவைப் பார்த்தார். ட்ருடி மனசுக்குள் தலைகளை எண்ணினாள். நிறைவேறிவிடும். அவள் எதிர்த்து வாக்குப் போட்டாலும் நிறைவேறிவிடும்.

 இதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். அதைச் செய்தால் மகள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியாமல் திண்டாடினாள். கூட்டம் முழுவதும் இணையத்தில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் ஷெல்பி அதைப் பார்ப்பாள். அம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

"வாக்கெடுப்புக்குப் போகலாமா?" என்றார் வெர்ல்.

"இருங்க." ட்ருடி எழுந்துவிட்டாள். "எனக்கு இதுல சொந்த சம்பந்தம் இருக்கு. நான் வழிமொழிஞ்சது செல்லாது."

"கூட்டம் ஆரம்பிக்கறப்பவே கேட்டோமே?"

"அப்ப சொல்லல. இப்ப சொல்றேன்."

"என்ன சம்பந்தம்னு சொல்லணும், ட்ருடி" என்றாள் க்ளெண்டா மெதுவாக. "விதி அப்படி. வெறுமனே இருக்குன்னு சொன்னாப் பத்தாது."

ட்ருடி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வார்த்தை உடனே வரவில்லை.

"ஆஷ் தெருவுல என் வீட்டு முன்னாடி நிக்கற ட்ரெய்லர்ல என் மக இருக்கா. ரெண்டு நாளைக்கு வரல. ஜனவரிலேருந்து அங்கதான் குடியிருக்கா. ராத்திரி ஷிப்டு முடிச்சு அங்கதான் தூங்கறா. அவளுக்குப் போறதுக்கு வேற எடமில்ல. நீங்க இத நிறைவேத்தினா மொதல்ல இழுத்துட்டுப் போற வண்டி அவளோடதுதான். இதுதான் சம்பந்தம். போதுமா?"



"விவாதம் தொடங்கினதுக்கு அப்புறம் வழிமொழிஞ்சத வாபஸ் வாங்க முடியாது. விதிப் புஸ்தகத்துல இருக்கு" என்றார் வெர்ல். ஆனால் குரல் இறங்கித்தான் இருந்தது.

"சம்பந்தம் இருக்கறவங்க வழிமொழியக்கூடாதுன்னும் இருக்கு. அதனால அது ஆரம்பத்துலேருந்தே இல்லாததுதான். என் முடிவு இது. பிடிக்கலைன்னா அடுத்த தேர்தல்ல எனக்கு ஓட்டுப் போடாதீங்க. எப்படியும் போடறதில்லையே" என்றாள் க்ளெண்டா. "ட்ருடி, நீ போய் அந்தப் பக்கம் உக்காரு."

ட்ருடி மேஜையைச் சுற்றிவந்து பொதுஜனங்களுக்கான மடக்கு நாற்காலி ஒன்றுக்குப் போனாள். பக்கத்தில் ஷுல்ட்ஸ், முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். அதன்மேல் வைத்திருந்த தன் தொப்பியை எடுத்து அவளுக்கு இடம் விட்டார்.

"வெர்ல் முன்மொழிஞ்சிருக்காரு. வழிமொழிய யாராவது இருக்கீங்களா?"

இப்போதுதான் 'ஞாயம் இருக்கத்தான் செய்யுது' என்று சொன்ன டுவேன் இருந்தார். ஒன்பது ட்ரெய்லர் வரும் என்றவரும் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இத்தனை நாள் யாருடையதோ ட்ரெய்லராக இருந்தது இப்போது ஷெல்பியின் வீடாகிவிட்டது. அவளைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும். டுவேன் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார்.

"கைவிடப்படுகிறது" என்றாள் க்ளெண்டா. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வெளியே போகும்போது வெர்ல் ட்ருடிக்குப் பக்கத்தில் நின்றார். "வேற மாதிரி எழுதி அடுத்த மாசம் கொண்டுவருவேன்" என்றார். பிறகு, "எனக்குத் தெரியாது, ட்ருடி. வண்டி சும்மா நிக்குது, அவ அப்பப்ப ரெண்டு நாளைக்கு வந்து போறான்னுதான் நெஜமாவே நெனச்சேன். நீதானே சொன்னே?" என்றார். ஊர் முழுக்க அவள் பேச்சை அப்படியே நம்பியது அவர் ஒருத்தர்தான் போலிருக்கிறது.

ட்ருடி காரை மன்றத்து வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தாள். ஜூன் மாத வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஆஷ் தெரு முனையில் திரும்பினாள். ஷெல்பி ட்ரெய்லர் படியில் உட்கார்ந்து வேலைக்குப் போகிற பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். திரையில் யாருமில்லாத மேஜை நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. குறிப்பெடுக்கிற பெண் அணைக்க மறந்துவிட்டாள்.

"பாத்தியா?" என்றாள் ட்ருடி.

"பாத்தேன்."

"மன்னிச்சுடுடி. வேற வழி தெரியல. நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதான் இத்தன நாளா... உன் மானம் போகக்கூடாதுன்னுதான். என் வாய்தான், இந்தப் பாழாப்போன வாய்..."

"அம்மா." ஷெல்பி நிமிர்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் எப்ப சொன்னேன்?"

ட்ருடி யோசித்துப் பார்த்தாள்.

"நான் வந்த மறுநாள் மளிகைக் கடைக்குப் போனோம்" என்றாள் ஷெல்பி. "கல்லாவுல இருந்த பொம்பள, 'அட, ஷெல்பியா, எப்ப வந்தே'ன்னு கேட்டா. நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். வீடு போச்சு, இங்கதான் இருக்கப்போறேன்னு. எனக்கு ஒண்ணும் வெக்கமா இல்ல. நீ முந்திக்கிட்டே. 'ரெண்டு நாளைக்கு வந்திருக்கா'ன்னே. நான் பால் டப்பாவப் புடிச்சுக்கிட்டு உன் பக்கத்துலயே நின்னேன்."

ட்ருடிக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெல்பி பேசாமல் நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

"அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் நானும் அதையே சொன்னேன். உனக்குத்தான் என்னை வெளிய சொல்லக் கூச்சமா இருக்குன்னு நெனச்சேன்."

"கூச்சமா? எனக்கா? அடியே, நீ வந்ததுலேருந்துதான் எனக்கு ராத்திரில தூக்கமே வருது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" ஷெல்பி இரண்டாவது பூட்ஸையும் இறுக்கிக் கட்டினாள். "ரோஸ்பர்க் ஊருல ஒரு ரூம் பாத்திருக்கேன். ட்ரெய்லர் நிறுத்தவும் எடமிருக்கு. சனிக்கிழம வரேன்னு போன வாரமே சொல்லிட்டேன்."

"நானாடி உன்னப் போகச் சொன்னேன்?"

"நீ போன்னு சொல்லல. ரெண்டு நாள்னுதான் சொன்னே. தெனமும் சொன்னே."

ட்ருடி படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் அந்தப் படியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்துவிட்டு ஓடுவாள், குப்பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள், அவ்வளவுதான். மகளின் கையைப் பிடித்தாள். குளிர் அறையில் கேரட் வெட்டி வெட்டி அந்தக் கை வெடித்துப்போயிருந்தது.

"போகாதேடி. இங்கயே இரு. எத்தன வருஷம்னாலும் இரு. நான் கேக்கறேன்."

ஷெல்பி தலையைக் குனிந்துகொண்டு அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்தாள். "ஷிப்டுக்கு நேரமாச்சும்மா. காலையில வந்து பேசறேன்." காரில் ஏறினாள். கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வந்தவள், சொல்லாமல் ஏற்றிக்கொண்டாள்.

கார் முனை திரும்பிப் போனது. ட்ருடி படியிலேயே இருந்தாள். எதிர்வீட்டு ஃபிலிஸ் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் கூட்டத்தையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

"என்ன ட்ருடி, இங்க உக்காந்திருக்கே? மக ஊருக்குக் கெளம்பிட்டாளா?"

"வேலைக்குப் போயிருக்கா" என்றாள் ட்ருடி. "காலையில வந்துடுவா. அவ இங்கதான் இருக்கா, ஃபிலிஸ். என்கூடத்தான் இருக்கா."

ஃபிலிஸ் தலையாட்டிவிட்டு நாயோடு போனாள். சொன்னது சனிக்கிழமைக்கு அப்புறமும் உண்மையாக இருக்குமா என்று ட்ருடிக்கே தெரியாது.